கமடோர் 64ல சிகரெட் வாடை: ஒளிஞ்சிருந்த இடம் கடைசியில மாட்டிக்கிச்சு

மூணு வாரமா மல்லுக்கட்டின வாடை நேத்து ராத்திரியோட போயிடுச்சு, அந்த சந்தோஷத்துலதான் இத எழுதறேன்.

மெஷின் கமடோர் 64, 1980கள்ல வந்த வீட்டு கம்ப்யூட்டர்; அதுலயும் ரொட்டி டப்பா மாதிரி இருக்குறதால பிரட்பின்னு சொல்ற பழைய மாடல். வித்தவர் நல்ல கண்டிஷன்னு சொன்னாரு, போட்டோலயும் அப்படித்தான் இருந்துச்சு, பார்சல பிரிச்சதுமே ஆஷ்ட்ரேக்குள்ள தலைய விட்ட மாதிரி குப்புனு அடிச்சுது. வாடை இருந்தா முதல்லயே சொல்லிடணும், இதுல எனக்கு உண்மையிலேயே கோவம்தான்.

கேஸ பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு தடவ கழுவினேன், தண்ணி டீ கலர்ல ஓடுச்சு. உள்ள இருக்குற சர்க்யூட் போர்டுக்கு 99% ஐபிஏவும் (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) சாஃப்ட் பிரஷ்ஷும், ஜன்னலெல்லாம் தொறந்து வச்சுதான். அசிட்டோன் பக்கமே போகல, ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைஞ்சிடும். எல்லாத்தையும் காய வச்சு மாட்டி, வாடைய உறிஞ்சுற கரி பாக்கெட்டோட பெரிய டப்பால 2 வாரம் மூடி வச்சேன். தொறந்தா அதே வாடை, கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. திரும்ப எல்லாத்தையும் கழட்டி, மேல் கேஸ், கீழ் கேஸ், போர்டு, கீபோர்டு, ஷீல்டுனு ஒவ்வொண்ணையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டேன். காலைல ஒவ்வொரு கவரா தொறந்து மோந்து பார்த்தேன். கேஸ்ல ஒண்ணுமில்ல. போர்டுல லேசா ஐபிஏ வாசம். கீபோர்டுல கொஞ்சம். ஷீல்டு கவர தொறந்ததும் கண்ணே எரிஞ்சுது!

நிறைய 64ல போர்டுக்கு மேல வர்ற, ரேடியோ இடைஞ்சல தடுக்குற ஆர்எஃப் ஷீல்டு முழு மெட்டல் கிடையாது, அட்டைல ஃபாயில் ஒட்டினதுதான். ஃபாயில் பக்கம் துடைச்சா பளபளன்னு ஆயிடும், அதனால சுத்தமாயிடுச்சுன்னு நம்பிட்டேன். அட்டை பக்கம் ஓரத்துல நகத்தால கீறினா உள்ள வரைக்கும் பழுப்பு. இத்தன வருஷ புகைய உறிஞ்சி வச்சிருக்கு, அட்டைய கழுவவும் முடியாது. எடுத்துட்டேன். எப்படியும் அது காத்த மறிச்சு சிப்ப சூடாக்குறதுதான், தேவைனா ஹீட்சிங்க் ஒட்டிக்கலாம். ஒரிஜினல் பார்ட் ஆச்சேனு தூக்கிப் போட மனசு வரல, கரியோட கவர்ல சீல் பண்ணி வச்சிருக்கேன்.

சில பேர் மெஷினுக்குள்ள பேக்கிங் சோடா தூவ சொல்றாங்க, தயவுசெஞ்சு வேணாம், சாக்கெட்டுக்குள்ள போயி ஈரத்த இழுக்கும். ஓசோன் மெஷினும் வேணாம், நுரையீரலுக்கு கெடுதல், ரப்பரையும் வெடிக்க வைக்கும். அடுத்து சுத்தம் பண்ணப் போற 1541 ஃபிளாப்பி டிரைவ்ல ரப்பர் பெல்ட் இருக்கு, அதுக்கும் கரிதான். இன்னொண்ணு, சிகரெட் வாடையா இல்லாம மீன் வாடை மாதிரி வந்தா அது வேற கதை, கப்பாசிட்டர் லீக்கானு பாருங்க, கமடோரோட அமிகா 600, 1200 கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க முக்கியமா.

ஆமா, கூட வந்த பழைய பவர் பிரிக்க (கரண்ட் அடாப்டர்) இன்னும் சொருகல. ரெகுலேட்டர் போச்சுன்னா 5 வோல்ட் லைன் எகிறி ரேம் சிப்ப காலி பண்ணிடும், புது சப்ளைதான் வாங்கியிருக்கேன், அதையும் மல்டிமீட்டர்ல பாத்துட்டுதான் மாட்டுவேன்.

இப்ப கீபோர்டு பாதில நிக்குது. 66 கீயும் சோப்பு தண்ணில ஊறி காஞ்சாச்சு, ஸ்பிரிங்க துரு பிடிக்கும்னு நனைக்கல, ஐபிஏல துடைச்சதோட சரி. ஷிஃப்ட் லாக்ல கழட்டின ரெண்டு வயரையும் நாளைக்கு சால்டர் பண்ணணும். மஞ்சளான கேஸுக்கு பெராக்சைட் கிரீம் வேற வந்து கிடக்கு, கை பரபரங்குது, ஆனா ஸ்பேஸ்பார் கம்பிய மாட்டி முடிச்சப்புறம்தான் அது.