கோல்டன் ரெட்ரீவர்: சர்க்கஸ் கதையை விடுங்கள்

கோல்டன் ரெட்ரீவர் ரஷ்ய சர்க்கஸ் நாய்களின் வம்சம் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள், அது உண்மையில்லை. பின்னாளில் லார்ட் ட்வீட்மவுத் ஆன டட்லி மார்ச்பேங்க்ஸ், ஸ்காட்லாந்தில் தன் எஸ்டேட்டில் நவுஸ் என்ற மஞ்சள் நிற ரெட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் இன நாயையும் இணைசேர்த்தார். 1868-இல் பிறந்த அந்த மஞ்சள் குட்டிகளில்தான் இந்த இனம் தொடங்குகிறது. அவருடைய இனப்பெருக்கக் குறிப்பேடு 1952-இல் வெளியே வந்ததும் சர்க்கஸ் கதைக்கு ஆதாரமே இல்லாமல் போனது. எனக்கு இந்தக் குறிப்பேடு மேல் பெரிய மரியாதை உண்டு.

சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்விக் கொண்டுவர வளர்த்த நாய் இது. அதனால்தான் எங்கள் வீட்டு நாயும் செருப்பு, துண்டு, எது கிடைத்தாலும் வாயில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது, திட்ட மனசே வராது.

சரி, பராமரிப்பு. இரட்டை அடுக்கு ரோமம், கொட்டிக்கொண்டேதான் இருக்கும், வாரிவிடுங்கள். வெயிலுக்கென்று மட்டும் தயவுசெய்து மொட்டையடிக்காதீர்கள். குளித்தபின் காதைத் துடைத்து உலர்த்துங்கள். எவ்வளவு போட்டாலும் தின்னும், எடை ஏறினால் இடுப்பு மூட்டு பாதிக்கும். அப்புறம், குட்டி வாங்கும்முன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள், காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.