விடியுமுன் எடுக்க வேண்டிய தண்ணீர்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமக் குடாவிலும் தண்ணீரில் ஒட்சிசன் குறையும் இடங்களை நீண்ட காலம் கண்காணிக்க ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் கூட்டத்தில் பேச்செல்லாம் கருவியைப் பற்றித்தான். எந்த நாட்டுக் கருவி, எத்தனை சென்சர், தரவு கைபேசிக்கு வருமா என்றெல்லாம் கேட்டார்கள். எத்தனை மணிக்கு அளப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ் ஒட்சிசன் நிலை என்பது வழக்கம். நம் கடலின் சூட்டில், நிறைந்திருக்கும்போதே மேல் தண்ணீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். குளிர்நாட்டுக் கடல்களுக்கு உள்ள கையிருப்பு நமக்கு இல்லை. கடற்புல்லும் பாசியும் உள்ள ஆழமில்லாத இடங்களில் பகல் வெயிலுக்கு ஒட்சிசன் ஏறும், இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சுவிட்டு விடியும் நேரத்தில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். நாமோ அலுவலகத்தில் கையொப்பம் வைத்து, வாகனம் பிடித்து, வள்ளம் இறக்கும்போது பத்து மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் அளந்தால் இருபது வருடமும் 'பிரச்சினை இல்லை' என்றே அறிக்கை எழுதலாம். மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற ஒரு வரியைப் பாதீட்டில் ஏற்றப் பட்ட பாட்டை சென்சர் வாங்கவும் படவில்லை.

திருகோணமலைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. மகாவலி வந்து விழுவது கொட்டியாரக் குடாவில். வாடைக்கால வெள்ளத்தில் பாரம் குறைந்த நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மூடி போட்டதுபோல் பரவி நிற்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் அடிக்கு இறங்காது. வயல் உரமும் ஊர்க்கழிவும் வளர்த்துவிட்ட பாசி செத்து அடியில் அழுகும்போது, இருக்கிற கொஞ்சமும் செலவாகும். இது உள்ளூர்க் காரணம். மற்றக் காரணம் வெளியே இருக்கிறது. குடாவிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. வங்காள விரிகுடாவில் ஏறத்தாழ 100 மீற்றருக்குக் கீழே ஒட்சிசன் மிகக் குறைந்த தண்ணீர் பெரும் அடுக்காகக் கிடக்கிறது. காற்றும் நீரோட்டமும் ஒத்துவந்தால் அது பள்ளத்தாக்கு வழியே மேலேறி வரலாம்.

இரண்டிலும் சென்சர் காட்டும் எண் ஒன்றாகவே இருக்கும். உள்ளூர்க் காரணம் என்றால் வடிகாலையும் உரத்தையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஏறி வந்தது என்றால் மூதூர் விவசாயியைத் திட்டி ஒரு பயனும் இல்லை. அதனால் ஒட்சிசனோடு வெப்பத்தையும் உப்பையும் மேலிருந்து அடிவரை அளந்தே ஆக வேண்டும் என்று எழுதினேன். அடித்தண்ணீர் குளிர்ந்து, உப்பும் கூடியிருந்தால் வெளிக்கடலைச் சந்தேகிக்கலாம். அடி சூடாகவே இருந்து மேலே நன்னீர் நின்றால் சரக்கு பெரும்பாலும் உள்ளூர்தான்.

அப்புறம் இடங்கள். வரைபடத்தில் குடா நிறையப் புள்ளி வைப்பது சுலபம், அழகாகவும் இருக்கும். நான் குறைத்துக் கேட்டேன். மெக்சிக்கோ வளைகுடாவில் 1985இலிருந்து கோடைதோறும் தாழ் ஒட்சிசன் பரப்பை அளந்து வருகிறார்கள். 2017இல் அது சுமார் 22,720 சதுர கிலோமீற்றர். 2020இல், அளக்கப் போகுமுன் ஒரு சூறாவளி வந்து தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போனதால், சுமார் 5,480. இந்த இரண்டு வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கடல் திருந்திவிட்டது என்று ஒருவர் பேசிவிட முடியும். அப்படியில்லை என்று காட்டுவது நடுவிலும் முன்னாலும் உள்ள வருடங்கள். ஆகவே சில இடங்கள் போதும், ஆனால் அவற்றை நகர்த்தக் கூடாது.

எந்த இடங்கள் என்பதில் எனக்கு மிகவும் உதவியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வள்ளக்காரக் காக்கா. வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துத் தந்தார். "தம்பி, சில நாளைக்கு விடியக்குள்ள நண்டெல்லாம் கரைக்கு ஏறி நிக்கும். அந்த இடத்த உட்டுட்டு மத்த இடமெல்லாம் போட்டிருக்கீங்க." தண்ணீரில் ஒட்சிசன் போதாமல் நண்டு கரையேறும் அந்த இடம் இப்போது பட்டியலில் இருக்கிறது.

சென்சரை நான் முழுதாக நம்புவதில்லை. நம் கடலில் போட்டால் சில வாரத்திலேயே பாசியும் சிப்பியும் ஏறிவிடும், பிறகு அது அளப்பது குடாவையா தன் மேல் வளர்ந்ததையா என்று தெரியாது. துடைப்பானும் செப்புக் கவசமும் கொஞ்ச காலம் தாங்கும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் போத்தலில் தண்ணீர் எடுத்து, 1888இல் விங்க்ளர் வெளியிட்ட முறையில் சரிபார்க்க வேண்டும் என்று வைத்தேன். மங்கனீசு உப்பும் கார அயடைட்டும் விட்டால் ஒட்சிசன் பழுப்பு வீழ்படிவாகப் பிடிபடும். பிறகு அமிலம் விட்டு, மாப்பொருளின் நீலம் மறையும்வரை தயோசல்பேற்றுச் சொட்டு. ஆய்வுகூடப் பிள்ளைகளுக்கு இது அலுப்பான வேலை. ஆனால் கருவி மாறினாலும் ஆள் மாறினாலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, பணம் குறையும் வருடத்தில் எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை விடக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். "வெட்டுங்கோ எண்டு நாங்களே சொல்லிக் குடுக்கிறதா?" என்று குழுவில் ஒருவர் கோபப்பட்டார். வெட்டுகிறவர்கள் எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் சேர், வரிசை தெரிந்து வெட்டட்டும் என்றேன். அந்தப் பக்கத்தைத் திட்டத்திலிருந்து எடுத்து இணைப்பில் போட்டார்கள். சரி, கிடக்கட்டும்.