ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு பேர்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

இந்த வாரம் திடல் கிடைக்கவில்லை, ஆட்டமும் இல்லை. அடுத்த ஞாயிறுக்கு யார் யார் வருகிறார்கள் என்று குழுவில் கேட்டிருந்தேன். இரவு ஒன்பது மணி வரை ஒன்பது பேர் சரி என்றிருக்கிறார்கள். மூன்று பேர் ‘பார்த்துச் சொல்றேன்’. மீதிப் பேரிடமிருந்து சத்தமே இல்லை.

எட்டு வருடமாக இந்தக் கிளப்பின் செயலாளர் வேலை பார்க்கிறேன். பேட்டிங் வரிசை போடுவதெல்லாம் பெரிய வேலை இல்லை. பதினொன்று வரை எண்ணுவதுதான் வேலை. ஒருவருக்குக் குழந்தையின் பிறந்தநாள், ஒருவருக்கு இரவுப் பணி, ஒருவர் ஊரில். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: “பாஸ் புதுப்பிச்சாச்சா?” சிங்கப்பூரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் காம்பஸ் என்ற புள்ளி முறை 2023 செப்டம்பரில் புதிதாக வருபவர்களுக்கு வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து புதுப்பிப்பவர்களுக்கும் உண்டு. 40 புள்ளி தேற வேண்டும். எங்கள் கீப்பர் அண்ணன் சம்பளம், படிப்பு, கம்பெனியில் எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று ஒரு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பதினோரு வருடமாக இங்கே இருப்பவர்.

மாலையில் சிட்டி ஹால் பக்கம் போனவன் பாடாங் திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். ஒரு முனையில் 1852-ல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், எதிர் முனையில் 1883-ல் தொடங்கிய ரெக்ரியேஷன் கிளப். நடுவில் அந்தப் பச்சை. 1943 ஜூலையில் நேதாஜி இந்தியத் தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டதும் இதே புல்லில்தான். 2022-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். நான் போன நேரம் யாரும் ஆடவில்லை. இருந்தும் கயிற்றோரம் கொஞ்ச நேரம் நின்றேன். வெறும் திடலைப் பார்த்தால்கூட எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஏப்ரல் 12, சனி, விடியற்காலை

சேப்பாக்கத்தில் ஏழரை மணி ஆட்டம் என்றால் நமக்கு இரவு பத்து. தோனி மறுபடி கேப்டன் என்பதால் ஆறு பேர் என் வீட்டில் கூடிவிட்டார்கள். சென்னை 103-க்கு 9. கொல்கத்தா பத்தே கால் ஓவரில்கூட இல்லை, 10.1 ஓவரில் முடித்துவிட்டது. யாரும் பேசவில்லை. கீப்பர் அண்ணன் மட்டும் எழுந்து பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை நாம ஒழுங்கா ஆடுவோம்” என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதினோரு பேரும் வந்தார்கள். முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

பிற்பகல் ஒரு மணிக்கு ஆட்டம், 25 ஓவர். நாங்கள் வாடகைக்கு எடுப்பது ஒரு பள்ளிக்கூடத் திடல். நிரந்தர பிட்ச் கிடையாது, மேட் என்ற கனத்த விரிப்பை நாங்களே விரிக்க வேண்டும். சுருட்டி வைத்த மேட்டை நாலு பேர் தூக்கினாலும் தோள் இறங்கிவிடும். விரித்ததும் இரண்டு முனையிலும் ஆள் உட்கார்ந்து, காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். கீப்பர் அண்ணன் குனிந்து, கன்னம் மேட்டில் படுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்தி நீளவாக்கில் பார்ப்பார். சுருக்கம் தெரிந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி. பந்து வழக்கமாகக் குத்தும் குட் லெங்த்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பந்து ஒன்று முகத்துக்கு வரும், இல்லையென்றால் கணுக்காலுக்கு. ஆறு அங்குல ஆணி, ஒரு முழத்துக்கு ஒன்று. சுத்தியல் சத்தம் கேட்டால் போதும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிடும்.

முதலில் ஆடி 7 விக்கெட்டுக்கு 148. அவர்கள் ஒன்பது ஓவரில் 60-க்கு 3. நல்ல ஆட்டமாக வந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் கறுத்து ஒரு காற்று கிளம்பியதுமே புரிந்துவிட்டது. மின்னல் எச்சரிக்கைச் சைரன் அலறியது. சைரன் அடித்துவிட்டால் இங்கே ஒரு பந்துகூடப் போடக்கூடாது, உடனே உள்ளே ஓட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி என்பது இந்த ஊரில் கிட்டத்தட்ட அட்டவணை போட்டு வருவது. காலை நேரம் எங்களுக்குக் கிடைப்பதில்லை, அதனால் இடியோடுதான் எங்கள் கிரிக்கெட்.

ஒன்றரை மணி நேரம் பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே எல்லோரும் நின்றோம். அம்பயர் அங்கிள் பேச ஆரம்பித்தார். இங்கே செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர், அறுபத்தெட்டு வயது. 1996 ஏப்ரல் 2-ம் தேதி பாடாங்கில் ஜெயசூர்யா பாகிஸ்தானை அடித்த அடியை நேரில் பார்த்தவர். 48 பந்தில் நூறு, அன்றைக்கு உலக சாதனை. 65 பந்தில் 134, பதினோரு சிக்ஸர். ஐந்து நாள் கழித்து அதே பாடாங்கில் இறுதி ஆட்டம், 17 பந்தில் ஐம்பது. அந்த இறுதி ஆட்டத்தை ஜெயித்தது என்னவோ பாகிஸ்தான்தான். “பவுலர் ஓடி வர்றதுக்கு முன்னாடியே நாங்க தலைய மேல தூக்கி வச்சுக்குவோம் லா, பந்து அங்கதானே போவப் போவுது” என்றார் அங்கிள். எங்கள் யாழ்ப்பாணத்து ஸ்பின்னர் அண்ணன் அப்போது பள்ளிக்கூடப் பையனாம், கொழும்பில் ரேடியோவில் கேட்டாராம். கேட்டவரும் பார்த்தவரும் ஒரே கூரைக்குக் கீழே, மழைச் சாரலில், ஆளுக்கொரு ‘100 பிளஸ்’ பான டின்னோடு. ஆட்டம் கைவிடப்பட்டது. எனக்கு வருத்தமே இல்லை.

நனைந்த மேட்டைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருடப் பிறப்பு. இங்கே விடுமுறை இல்லை. வேலை முடிந்து சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் வேப்பம்பூப் பச்சடி.

கீப்பர் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். புள்ளி தேறவில்லை. 30-ம் தேதி திருச்சிக்கு டிக்கெட். “குழுவுல இப்பப் போடாதீங்க தம்பி. 27-ம் தேதி ஆட்டம் முடிஞ்சு சொல்லிக்கலாம்.”

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி விடுமுறை. அறந்தாங்கித் தம்பிக்கு இன்று ஓய்வு நாள் கிடைத்தது. கட்டுமான வேலை, துவாஸ் பக்கம் தங்கும் விடுதி. ஊரில் வற்றிய கண்மாயில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையன். முதல் முறை வந்தபோது காலில் வேலைத்தள பூட்ஸ். அதோடேயே ஓடி வந்து மூன்று பேரைத் தாண்டிப் போகும் வேகத்தில் போட்டான். பிறகு முஸ்தஃபா கடைக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கினோம்.

இன்று பயிற்சி வலையில் அவனோடு இரண்டு மணி நேரம். தையல் பந்தை அவன் டென்னிஸ் பந்து மாதிரி உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கிறான். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்கு இரண்டு பக்கமும், கட்டைவிரலின் ஓரம் கீழே. கம்பி கட்டிக் காய்த்துப்போன விரல்கள், தையல் மேடு தொட்டே தெரியவில்லை என்றான். கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் போட்ட நாலாவது பந்து நடு ஸ்டம்பில் குத்தி வெளியே போனது. திரும்பி என்னைப் பார்த்தான். “அண்ணே, இது நான் போட்டதா, தானாப் போச்சா?”

27-ம் தேதி ஓவர்டைம் என்கிறான். ஞாயிறு ஓவர்டைம் காசை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆட்டம். தோற்றோம். ஒன்பது பேரோடு ஆடினோம், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் பாலஸ்டியர் சாலை. இந்தியச் சங்கம் 1923, சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் 1928. தொடங்கியவர்கள் எல்லாம் பிழைக்க வந்தவர்கள்தானே? அவர்களிலும் ஒருவர் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வருவார் என்று விரல்விட்டு எண்ணியிருப்பார். அன்றைக்கு வாட்ஸ்அப்பும் இல்லை, வீடு வீடாகப் போய்க் கேட்டிருப்பார். அந்த முகம் தெரியாத மனிதரை இன்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எதிரணி ஆங்கிலேயர்களும் ஆஸ்திரேலியர்களும் கலந்தது. எங்களில் பத்துப் பேர்தான். டாஸ் போடும்போது, ஒரு பையன் வேலை முடித்து நடுவில் வருவான், சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர்கள் கேப்டன் யோசிக்கவே இல்லை, தாராளமாக என்றார். அவருக்கும் பதினொன்று எண்ணுகிற வேலை தெரியும்.

நாங்கள் 131. அவர்கள் பன்னிரண்டாவது ஓவர் ஆடிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்து சேர்ந்தான். துவாஸ் லிங்க்கிலிருந்து ரயிலில் ஏறி, மாறி, ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்திருக்கிறான். சட்டையில் சிமென்ட் தூசி. அந்தச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நேரே பந்தை வாங்கினான்.

அவனுடைய இரண்டாவது ஓவரில் அந்தப் பந்து. வெளியே போகிற பந்து, மட்டையின் விளிம்பில் பட்ட சத்தம் எனக்குப் பாயிண்ட்டில் நின்றே கேட்டது. கீப்பர் அண்ணன் வலப்பக்கம் விழுந்தார். கிளவ்ஸின் நுனி புல்லை உரசிக்கொண்டு போனதும், பந்து வலையில் சிக்கிய மீன் மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் நின்றதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயது அவருக்கு. எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே பந்தைத் தூக்கிக் காட்டினார். அங்கிள் விரலைத் தூக்கும் முன்பே தம்பி ஓடிப் போய் அவர் மேல் விழுந்துவிட்டான்.

கடைசியில் தோற்றுப்போனோம். மேட்டைச் சுருட்டிய பிறகு கீப்பர் அண்ணன் சொன்னார். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அங்கிள்தான் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். புரோட்டாவும் தே தாரிக் டீயும் அவர் காசு. எதிரணியிலிருந்தும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். தம்பி கடைசி வரை சாப்பிடவில்லை. “அந்தப் பந்த வேற யாரு புடிப்பாண்ணே?” என்றான்.

ஏப்ரல் 30, புதன்

சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தேன். ஏழு பேர் போயிருந்தோம், வேலை நாள் என்றாலும்.

மே 3, சனி

தேர்தல் நாள், விடுமுறை. நாங்கள் ஆடும் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி. நாளைக்குத் திடல் உண்டா என்று வாட்ச்மேனிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். உண்டு. அங்கிள் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, போகிற போக்கில் எங்கள் மேட் நனையாமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கீப்பிங்குக்கு யாழ்ப்பாணத்து அண்ணன் சரி என்றிருக்கிறார், ஸ்பின் ஒருத்தர் குறையும். எண்ணிப் பார்த்தால் பத்து.

இரவு, போனில் பணம் அனுப்பும் பேநவ் கணக்கைச் சரிபார்த்தேன். மே மாதத் திடல் காசு, தலைக்கு 20 வெள்ளி (டாலர்). யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் முதல் பெயர் கீப்பர் அண்ணனுடையது. 29-ம் தேதி இரவே போட்டிருக்கிறார். திருச்சிக்குக் கூப்பிட்டேன். “நீங்க இங்க இல்லையேண்ணே, திருப்பி அனுப்பறேன்” என்றேன். வங்கிக் கணக்கை மூட இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி 20 வெள்ளி வந்திருக்கிறது. குறிப்பில் ‘ஜூன்’ என்று எழுதியிருக்கிறார்.