பேராதனை வளாகமும் பள்ளத்து அரங்கும்

கண்டியில் இறங்கியதுமே எரிச்சல். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஓட்டோக்காரர் ஒருவர் 1,500 ரூபா கேட்டார். தூரம் ஆறு கிலோமீற்றர் அளவுதான். மீற்றர் போடச் சொன்னால் பழுதாம். அந்தக் காசில் எனக்கு இரண்டு நேரச் சாப்பாடு! பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள். கலஹா சந்தியில் இறங்கி நடந்தால் ஒரு பக்கம் ஹந்தானை மலை, மற்றப் பக்கம் மகாவலி.

சந்தியருகே சின்னக் கடை. தணலில் சுட்ட தேங்காய் ரொட்டி, ஓரம் கருகி, நடுவில் பூப்போல மெத்தென்று. உரலில் இடித்த கட்டைச்சம்பலில் மாசிக் கருவாட்டுத் துண்டு பல்லில் பட்டது. நாலு ரொட்டியும் பிளேன்டீயும் முடித்து, இன்னும் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டேன். மதியச் செலவு மிச்சம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் 1942இல் தொடங்கி, 1952இல்தான் இங்கே குடிவந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். செனற் கட்டடத்தின் கல்தூண்களைப் பார்த்தபடி நடந்தால் அருணாசலம் விடுதி. நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துப் போராடிய பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் அது. 1924இல் காலமாகிவிட்டார், இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பெயர்ப்பலகை முன்னால் எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் இராமநாதன் பெயரிலும் ஒரு விடுதி உண்டு.

பல்கலைக்கழக மரபு என்றதும் சிலர், புது மாணவரை வதைக்கும் பகிடிவதையையும் சேர்த்துச் சொல்வார்கள். 1998இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்த கொடுமை அது. மரபு என்ற சொல்லை அதற்குக் கொடுக்கவே கூடாது.

நான் வந்தது திறந்தவெளி அரங்கைப் பார்க்க. மாணவர்கள் 'வள' என்பார்கள், சிங்களத்தில் பள்ளம். உண்மையிலேயே பள்ளம்தான், சரிவில் உட்கார்ந்து கீழே மேடையைப் பார்க்க வேண்டும். மேலே மரக்கிளைகள்தான் கூரை. 'மனமே', 'சிங்கபாகு' நாடகங்களைத் தந்த சரச்சந்திர பெயரில் இருக்கிறது. அவர் சிங்கள நாடகத்துக்கு உயிர் கொடுத்த அதே வளாகத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் இங்கே படித்த பிள்ளைகளின் காலில் சலங்கை கட்டி நம் தமிழ்க் கூத்தை ஆட வைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. இராவணனாக ஆடியவர் அன்று மாணவராக இருந்த மௌனகுரு, எங்கள் மட்டக்களப்புக்காரர். ஊர்க் களரியில் விடிய விடிய ஆடியதைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கிய காலம் அது. அதைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றியது சின்ன விஷயமா?

குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கும் ஏறினேன். நல்ல ஏற்றம், தண்ணீர் கொண்டுபோங்கள். அப்புறம் மனம் கேட்காமல் மறுபடி பள்ளத்துக்கே வந்துவிட்டேன்.

யாருமில்லை என்று நினைத்து, சின்ன வயதில் எங்கள் கூத்து ஆசான் அண்ணாவியாரிடம் கேட்ட தரு என்ற கூத்துப் பாட்டு ஒன்றின் முதல் அடியை மேடையோரம் நின்று பாடினேன். குரல் சரிவு முழுக்க ஏறிப் போனது. மேலே மரநிழலில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்த பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"அண்ணா, வடமோடிக் கூத்தா? மற்ற அடியையும் பாடுங்கோவன்."