ஒரு வருடம் தள்ளிப்போன கணக்குப் புத்தகம்

மூன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலுக்கு ஒப்புதல் கடிதம் போன வாரம் வந்துவிட்டது. கோப்பைக் கொடுத்து 14 மாதம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் நான் செய்த ஒரு திருத்தத்தால் போன காலம். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பாடநூல்களுக்கு டைப்செட்டிங் செய்யும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அங்கே பழகித்தான் ஸ்லோவேனியாவின் மாரிபோருக்கு வந்து ஒரு சின்னப் பதிப்பகத்தில் சேர்ந்தேன்.

இங்கே பயிற்சிப் புத்தகம் போட யாருடைய ஒப்புதலும் வேண்டாம். பாடநூலுக்கு அரசின் நிபுணர் குழு ஒப்புதல் தர வேண்டும். பள்ளிகள் பாடநூலை வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கின்றன. ஒரே பிரதி பல வருடம் கைமாறுவதால் அதில் பெரிய விற்பனை இல்லை. ஆனால் எந்தப் பாடநூலை ஆசிரியர் எடுக்கிறாரோ, அதோடு ஒட்டிய பயிற்சிப் புத்தகத்தைத்தான் வருடா வருடம் வாங்கச் சொல்வார். சொந்தப் பாடநூல் இல்லாதவரை நாங்கள் அடுத்தவர் பாடநூலுக்குத் துணை நூல் போட்டுத்தான் பிழைத்தோம். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 20 லட்சம். ஒரு வகுப்புக்கு நாடு முழுக்க ஏறக்குறைய 20,000 பிள்ளைகள். அதில் மிலாதின்ஸ்கா க்னிகா, டி.இசட்.எஸ். போன்று 1945 முதல் இருக்கும் பதிப்பகங்களுக்கு நடுவே ஒரு பங்கு பிடிக்க வேண்டும். நாங்கள் வளர இந்த ஒரு புத்தகத்தை விட்டால் வேறு வழி இல்லை.

961 என்ற நாட்டு எண்ணோடு ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), நூலகப் பட்டியல் பதிவு இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தன.

சிக்கல் கோப்பில் தொடங்கியது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரின் மதிப்பீட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். ஒப்புதல் அலுவலகத்தில் போனில் பேசியவர் "நகல் போதும்" என்றார். தலைநகர் லியூப்லியானாவில் அந்த அலுவலகக் கவுண்டரில் இருந்தவரோ கையெழுத்திட்ட அசல் இல்லாமல் வாங்கவே மாட்டேன் என்றார். போனில் சொன்னவரின் பெயரைக் கேட்டார்; நான் குறித்து வைக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. மதியத்தோடு கவுண்டரை மூடிவிடுவார்கள். கிட்டத்தட்ட 155 கிலோமீட்டர் ரயிலில் வந்து, அதே உறையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். போனில் எது சொன்னாலும் அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சம்.

அது ஒரு நாளோடு போயிற்று. அடுத்தது ஒரு வருடத்தையே கொண்டுபோனது.

மதிப்பிட்ட ஆசிரியர் சில கணக்குகளில் எண்களைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மொழித் திருத்துநர் முழுப் புத்தகத்தையும் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு, பக்க வடிவமைப்பில் நானே 11 இடங்களில் எண்ணை மாற்றினேன். ஒரு கணக்கில் 105 ஆப்பிளை 102 ஆக்கினேன். எண் மட்டும்தானே என்று நினைத்தேன்.

தமிழில் ஒருமை, பன்மை இரண்டுதான். ஸ்லோவேனிய மொழியில் இருமையும் உண்டு. ஒரு ஆப்பிள் 'யாபொல்கோ', இரண்டு என்றால் 'யாபொல்கி', மூன்றும் நான்கும் 'யாபொல்கா', ஐந்திலிருந்து 'யாபொல்க்'. வினைச்சொல்லும் கூடவே மாறும். நூறைத் தாண்டியதும் கடைசியாகச் சொல்லும் எண்ணைப் பார்த்து இது திரும்பவும் சுற்றும்: 105 'யாபொல்க்', ஆனால் 102 'யாபொல்கி'. அதே சமயம் 22-க்கு இருமை வராது, ஏனென்றால் அதை 'இரண்டும் இருபதும்' என்று சேர்த்துச் சொல்கிறார்கள்; காதில் கடைசியாக விழுவது இருபது. நான் எண்ணை மாற்றி, பெயர்ச்சொல்லையும் வினையையும் ஐந்துக்கு உரிய வடிவத்திலேயே விட்டுவிட்டேன். நாலு இடத்தில் பிழை. எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும் புத்தகத்தில் அந்தப் பிள்ளையே பிடித்துவிடும் பிழை.

மே கடைசியில் கோப்பு திரும்பி வந்தது. பிழையைப் பிடித்த அரசுத் தரப்பு மதிப்பீட்டாளர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் செய்தது சரி. நாலு சொல்லை மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் சமர்ப்பித்த பிரதி மாறினால் மொழிச் சான்றும் புதிதாக வேண்டும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிகள் ஜூன் 24 வாக்கில் கோடை விடுமுறைக்கு மூடும் முன் அடுத்த வருடத்துக்கான புத்தகப் பட்டியலை முடிவு செய்துவிடும். செப்டம்பர் 1-இல் வகுப்பு தொடங்கும்போது எங்கள் புத்தகம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பதிப்பாளர் அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வருடம் வேலைக்கு எடுக்க நினைத்திருந்த இரண்டாவது பதிப்பாசிரியரை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது எங்களிடம் உள்ள வழக்கம்: திருத்துநரின் சான்றுக்குப் பிறகு ஒரு எண் மாறினாலும் அந்த வரியை மஞ்சளில் குறித்து அவருக்கே திருப்பி அனுப்புவோம். கணிதப் புத்தகத்தில் எண்ணும் மொழிதான். அரபி, ரஷ்யன், போலிஷ் புத்தகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். எண்ணுக்கு ஏற்பப் பெயர்ச்சொல் மாறும் மொழிகள் அவை. இன்னொன்று, கோப்பைச் சமர்ப்பிக்கும் கெடு மார்ச் என்றால் உங்கள் மனதில் டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூல்களுக்கான அரசின் இணையப் பட்டியலுக்கு 'த்ரூபார்' என்று பெயர். 1550-இல் ஸ்லோவேனிய மொழியின் முதல் அச்சு நூல்களை, அவற்றில் ஒன்று பிள்ளைகளுக்கான அரிச்சுவடி, வெளியிட்ட பிரிமோஷ் த்ரூபாரின் பெயர். இங்குள்ள ஒரு யூரோ நாணயத்தில் இருப்பதும் அவர் முகம்தான். நேற்றுக் காலை அந்தப் பட்டியலில் எங்கள் புத்தகத்தைத் தேடினேன். வந்தது. பதிப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலைப்பைப் பார்க்கவில்லை, நேராக அச்சுப் பிரதியை எடுத்து 102 ஆப்பிள் உள்ள பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். மதியம் ஒரு பள்ளியிலிருந்து மாதிரிப் பிரதி கேட்டு அழைப்பு வந்தது.