காச்சில் வைரஸும் காலியான உலர்பனிப் பெட்டியும்

காச்சில் (யாம்) கிழங்கில் கண்ட புது வைரஸின் முழு மரபணு வரிசை, மரபணு வரிசைகளைச் சேமிக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் ஒருவழியாக ஏறிவிட்டது. ஆனாலும் நடுவில் மாதிரியைக் கெடுத்த கூரியர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

குலசேகரம் பக்கத்துத் தோட்டத்தில் ஆவணியில் இலை எடுத்தோம். நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிறி ஓரம் சுருண்டிருந்தது. ஏற்கெனவே தெரிந்த யாம் மைல்ட் மொசைக் வைரஸ்தானா என்று ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை போட்டால் பட்டை விழவில்லை, அதாவது அந்த வைரஸ் தென்படவில்லை. எனவே இலையிலுள்ள மொத்த ஆர்.என்.ஏ.வையும் (வைரஸின் மரபுப்பொருளும் இதில் இருக்கும்) வரிசைப்படுத்த, அதாவது எழுத்தெழுத்தாகப் படிக்க, முடிவு செய்தோம்.

வரிசைப்படுத்தும் நிறுவனத்தில் இலையாகவே அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட அளவுக்கு இருந்ததெல்லாம் போய்விட்டது. கூரியரிடம் திங்கட்கிழமை அனுப்புகிறோம் என்றோம். ஞாயிறும் டெலிவரி உண்டு என்று வெள்ளிக்கிழமையே திருவனந்தபுரத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அது குடோனிலேயே கிடந்தது. குளிருக்கு வைத்த உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) உருகித் தண்ணீர் விடாது, ஆவியாகத்தான் போகும். அதனால் வெளியே பெட்டி கச்சிதமாக இருந்தது, உள்ளே ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தது. பொறுப்பேற்க யாருமில்லை, திரும்பவும் பணம் கட்டச் சொன்னார்கள்.

மறுபடி தோட்டத்துக்குப் போனால் மார்கழி. கொடியெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டக்காரப் பாட்டாதான், "மக்ளே, அந்தக் கொடிக்க கெழங்க நான் கயிறு கெட்டி தனியா வச்சிருக்கேன்" என்றார். இந்த வைரஸ்கள் விதைக்கிழங்கு வழியாகவே அடுத்த பயிருக்குப் போகும். வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி ஏறாத வலைக்கூண்டில் தொட்டியில் நட்டோம். முளைத்த இலையில் அதே வெளிறல்!

இலை எடுப்பவர்கள் அந்தக் கொடியின் கிழங்கை அன்றைக்கே அடையாளம் வைத்துவிடுங்கள். காச்சில் இலையில் கொழகொழப்பு அதிகம், ஆர்.என்.ஏ. பிரிக்கும் சாதாரண கிட் அடைத்துக்கொள்ளும், சி.டாப் (CTAB) கரைசலில் பி.வி.பி. (PVP) என்ற பொருளைச் சேர்த்து எடுத்தால்தான் நல்ல ஆர்.என்.ஏ. கிடைக்கும். இம்முறை இலையை, ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ.-லேட்டர் திரவத்தில் போட்டுத் திங்கட்கிழமை அனுப்பினோம்.

வரிசை சுலபமாக வந்தது. ஜென்பேங்கில்தான் ஒருமுறை திருப்பிவிட்டார்கள்: வைரஸின் நீண்ட பாலிபுரதத்துக்கான வரிசையின் நடுவில் ஸ்டாப் கோடான், அதாவது புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி. சாங்கர் என்னும் வரிசைப்படுத்தும் முறையில் அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தபோது, முதல் வரிசையில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது தெரிந்தது. எங்கள் வைரஸ் சேர்ந்த பாட்டிவைரஸ் (potyvirus) வகையில் புது இனம் என்று சொல்ல, தெரிந்த இனங்களுடன் முழு மரபணு ஒப்பீட்டில் ஒற்றுமை 76 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களுடையது கீழேதான். அந்த எண்ணைத் திரையில் பார்த்த நிமிடம் மறக்காது.

இதற்கு மருந்து கிடையாது. நோயில்லாத கொடியிலிருந்து விதைக்கிழங்கு எடுப்பதுதான் வழி. அடுத்த மாசி நடவுக்குள் பி.சி.ஆர். சோதனையில் இந்த வைரஸை மட்டும் கண்டுபிடிக்கும் ப்ரைமர் (சிறு டி.என்.ஏ. துண்டு) தயாரித்து, முதலில் பாட்டாவின் விதைக்கிழங்குகளைச் சோதித்துக் கொடுக்க வேண்டும்.