இழப்பீட்டு வழக்கில் நான் கேட்கும் கேள்விகள்

சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்காக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துவது பல ஆண்டுகளாக என் தொழில். கார் மோதி அடிபட்டவரானாலும், காருக்குள் அமர்ந்திருந்து அடிபட்டவரானாலும், முதலில் கேட்பது "எவ்வளவு கிடைக்கும், சார்?" என்பதுதான். அன்றே ஒரு தொகையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மருத்துவர் எழுதித் தரும் ஊனச் சதவீதத்தைக் காட்டிலும், காயம்பட்டவர் அந்த உடலைக் கொண்டு என்ன வேலை செய்து பிழைத்தார் என்பதுதான் அந்தத் தொகையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதை அவர் வாயால் விரிவாகக் கேட்டறிவதற்குள் சொல்லப்படும் எந்தத் தொகையும் வெறும் ஊகமே.

ஊனச் சான்று கையில் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். சான்றில் உள்ள சதவீதம் பெரும்பாலும் ஒரு கை அல்லது ஒரு காலின் அளவில் குறிக்கப்படுவது. முழு உடலுக்குக் கணக்கிட்டால் அது குறையும். வருமானம் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்போ இவ்விரண்டிலிருந்தும் வேறானது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக் கூறியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமானத் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை நிலைத்திருக்கக்கூடும் என்று அது எடுத்துக்காட்டியது. விபத்துக்குப் பின் அவரால் எதைச் செய்ய முடிகிறது, முன்பு செய்த தொழிலின் தன்மை என்ன, அதே தொழிலைத் தொடர முடியுமா அல்லது வேறு சிறு வேலைக்குத்தான் போக முடியுமா என்று படிப்படியாகப் பார்க்கும்படி தீர்ப்பாயங்களுக்கு அது வழிகாட்டியது. சிகிச்சை அளிக்காத மருத்துவர்கள் கேட்ட மாத்திரத்தில் வழங்கும் சான்றுகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்றும் சொன்னது. அதனால்தான் கூடுமானவரை சிகிச்சை அளித்த மருத்துவரையே சாட்சியாக அழைக்கவோ, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு மனுதாரரை அனுப்பக் கோரவோ செய்கிறேன்.

இந்த வேறுபாடு பணத்தில் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் புரியும். மாதம் 15,000 ரூபாய் ஈட்டிவந்த, 35 வயதுடைய, சொந்தத் தொழில் செய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. காயமடைந்தோர் வழக்கிலும் அது பொருந்தும் என்பது 2020-இல் உறுதியாயிற்று. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000 ரூபாய். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ப எத்தனை மடங்காக்குவது என்பதைச் சொல்லும் பெருக்கெண் 31 முதல் 35 வயது வரை 16 என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணையில் உள்ளது. வருமானத் திறன் இழப்பு 20 சதவீதம் என்று கொண்டால் 8,06,400 ரூபாய். 40 சதவீதம் என்று நிறுவ முடிந்தால் 16,12,800 ரூபாய். உயிரிழப்பு வழக்கில் சொந்தச் செலவுக்கென்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். காயமடைந்தவர் வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. ஒரே காயம், ஒரே சான்று. ஆனால் அவருடைய வேலையைப் பற்றித் தீர்ப்பாயத்தின் முன் என்ன சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்துத் தொகை இருமடங்காகிறது. இதைவிட்டு, சதவீதம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று மொத்தமாகத் தரும் வழக்கமும் நம் தீர்ப்பாயங்களில் உண்டு. தொழிலையே பாதித்த காயத்துக்கு அம்முறை நியாயமாகாது என்பதை ஒவ்வொரு முறையும் வாதிட்டே தீர வேண்டியிருக்கிறது.

கணுக்கால் முறிந்த ஒரு தையற்காரரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார். சான்றில் இருந்த சதவீதமும் குறைவு. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில், இன்று நீதிமன்றத்துக்கு நடந்துதானே வந்தீர்கள் என்று கேட்டால், ஆம் என்பதுதான் உண்மையான பதில். அவரோ என்னிடம் திரும்பத் திரும்ப "வலிக்குது சார்" என்றுமட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். தையல் இயந்திரத்தின் மிதிப்பானை எந்தக் காலால் மிதிப்பீர்கள், தொடர்ந்து எவ்வளவு நேரம் மிதித்தால் பாதம் வீங்குகிறது, பண்டிகைக் காலத்தில் முன்பு எத்தனை துணி தைத்தீர்கள், இப்போது எத்தனை தைக்க முடிகிறது, வெட்டும் மேசையில் நின்றபடி வேலை செய்ய யாரை வைத்திருக்கிறீர்கள், அவருக்கு என்ன கூலி தருகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் அவருடைய இழப்பு முழு உருவில் தெரிந்தது. அத்தனையும், சாட்சியமாக எழுத்தில் தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலத்தில் இடம்பெற்றன. உதவிக்கு வைத்திருந்தவரும் சாட்சி சொன்னார். வலியை அளந்து காட்ட ஒரு கருவியும் இல்லை. குறைந்துபோன வேலையைச் சாட்சியத்தால் அளந்து காட்ட முடியும்.

பெண்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பது இன்னும் கடினம். வீட்டு வேலை முழுவதையும் தாங்கிய ஒரு பெண்மணியிடம் தொழில் என்னவென்று கேட்டால், "நான் வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்" என்பார். மனுவில் தொழில் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கும். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்குக் கருத்தளவிலான வருமானம், அதாவது சம்பளமாக வராவிட்டாலும் ஈட்டியதாகக் கொள்ளும் தொகை, நிர்ணயிப்பதன் நியாயத்தை விரிவாக எழுதியது. பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமில்லாத வீட்டு வேலையில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்களே செலவிடுகிறார்கள் என்ற அரசுக் கணக்கெடுப்பையும் மேற்கோள் காட்டியது. அது உயிரிழப்பு வழக்கில் வந்த தீர்ப்புதான் என்றாலும், தோள்பட்டை உடைந்து தண்ணீர்க் குடம் தூக்க முடியாமற்போன ஒரு பெண்ணின் வழக்கிலும் அதன் வாதம் அப்படியே பொருந்துகிறது.

வருமானத்துக்குச் சான்று இல்லையே என்று தயங்குவோருக்கு நான் சொல்வது, 2014-இல் முடிவான ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு. முழங்கால் வரை கால் துண்டிக்கப்பட்ட அவரிடம் ஆவணம் ஏதும் இல்லை. காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்றை எதிர்பார்ப்பது முறையன்று என்று கூறி மாத வருமானம் 6,500 ரூபாய் என ஏற்ற உச்ச நீதிமன்றம், திறன் இழப்பையும் 85 சதவீதம் என்று கொண்டது. ஆவணம் இல்லாததால் வழக்கு தோற்றுப்போவதில்லை. அதற்காக ஒன்றையும் தேடாமல் இருந்துவிடவும் கூடாது: வங்கிக் கணக்கு, சங்க உறுப்பினர் அட்டை, நலவாரியப் பதிவு, கடைக்காரரின் கணக்கு நோட்டு என எது கிடைத்தாலும் நல்லதே.

ஆவணங்களுள் நான் மிகவும் கவலைப்படுவது, ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்லும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலைப் பற்றித்தான். அவசரப் பிரிவில் நினைவில்லாமல் கிடப்பவருக்காக உடன் வந்தவர் பதற்றத்தில் சொல்லும் ஒரு வரி அதில் பதிவாகிறது. கார் மோதியது என்பதற்குப் பதிலாக வண்டியிலிருந்து தவறி விழுந்தார் என்று எழுதப்பட்டுவிட்டால், பின்னாளில் முதல் தகவல் அறிக்கை, வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் சரியாக இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியையே பற்றிக்கொண்டு வாதிடும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால் போதும் என்பது நமக்குச் சாதகமான விதி. ஆயினும் முதல் நாளே உண்மை சரியாகப் பதிவாவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

காரில் பயணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரே வந்த வாகனத்தின் மீது தவறு இருந்தால் அதன் காப்பீடு பொறுப்பேற்கும். தாம் இருந்த காரின் ஓட்டுநர்மீதே தவறு இருந்தால், அந்த காருக்கு விரிவான காப்பீடு இருக்கிறதா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருக்கிறதா என்பதைப் பார்த்தாக வேண்டும். பின்னதில் தனியார் காரின் பயணிகளுக்குப் பாதுகாப்பு கிடையாது. மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் போய்விட்டால் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியிலிருந்து உண்டு. மனு தாக்கல் செய்ய விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற வரம்பும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வசிக்கும் இடத்திலேயே மனு தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

படுக்கையிலேயே காலம் கழிக்க நேர்ந்தவர்களின் வழக்குகளில், பார்த்துக்கொள்பவரின் உழைப்பு எளிதில் மறக்கப்படுகிறது. தாயோ மனைவியோ செய்வதால் அதற்குச் செலவே இல்லை என்று கருதிவிடுகிறார்கள். 12 வயதில் விபத்தால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இரண்டு உதவியாளர்களுக்குத் தலா மாதம் 5,000 ரூபாய் என்று கொண்டு, பெருக்கெண் 18-ஆல் பெருக்கி, 21,60,000 ரூபாயை அந்த ஒரு தலைப்பின் கீழ் மட்டுமே வழங்கியது. ஒரு சிறு தொகையை மொத்தமாகக் கொடுத்து முடிக்காமல் வாழ்நாள் தேவையாக அதைக் கணக்கிட்ட அந்தப் பார்வைக்காகவே அத்தீர்ப்பை நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிப்பதை நான் எதிர்ப்பவன் அல்லன். கடன் வாங்கிச் சிகிச்சை செய்தவருக்கு விரைவாக வரும் பணம் பெரிய ஆறுதல். ஆனால் அங்கே முடிவானதற்கு மேல்முறையீடு கிடையாது. எலும்பில் பொருத்திய தகட்டை எடுக்கும் அறுவைச் சிகிச்சை பாக்கி இருக்கும்போது, அதற்கான செலவைச் சேர்க்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். தீர்ப்பாயமே தொகையை நிர்ணயித்துத் தீர்ப்பளித்து அது குறைவாகத் தோன்றினால், உயர்த்திக் கேட்டு 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; ஆகவே தீர்ப்பு வந்த வாரத்திலேயே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, திறன் இழப்பை எத்தனை சதவீதமாகக் கொண்டார்கள், எந்தக் காரணத்தால் அப்படிக் கொண்டார்கள் என்பதைக் கட்சிக்காரருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கிறேன்.